எங்கம்மா மூஞ்சி விழுற போன்

சத்துணவு அமைப்பாளருக்கு எதுக்கு அம்மாம் பெரிய போன் என்று எங்க பள்ளிக்கூடத்திலேயே கேட்டாங்க. கேட்டவங்க கையில் அதைவிடப் பெரிய போன் இருந்தது. அவங்களை யாரும் கேட்டதில்லை. நான் அப்போ பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வாங்க நினைத்தது புதுசுகூட இல்லை. யாரோ வாங்கி, ரெண்டு மூணு வருசம் தேய்ச்சு, விற்ற போன். 2025 ஆடி மாசம் 25,000 ரூபாய் சீட்டு எடுத்தேன். அதுக்குள்ளே ஒரு நல்ல கேமரா போன் வாங்கணும், வாங்கி எங்கம்மாவைப் படம் எடுக்கணும். அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு. முட்டி ரெண்டும் போயிடுச்சு. ஆனா தொண்டை போகலை. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் இன்னும் வரிசையா வரும். அந்த மூஞ்சியும் அந்தக் குரலும் எங்கிட்ட இருக்கணும்.

"இருக்கிற போன்லயே எடுத்துக்கயேன்" என்று நீங்க கேட்கலாம். அதுக்கு எங்க நைனா கதையைச் சொல்லணும்.

நைனா செங்கல் சூளையிலே வேலை செஞ்சார். 1999-ல் செத்துப்போனார். அவர் வாழ்ந்த காலம் முழுக்க எடுத்த படம் ஒண்ணே ஒண்ணு. ஏதோ ஒரு அடையாள அட்டைக்காக காலனிக்கு கேமராக்காரன் வந்தான். வெள்ளையடிச்ச சுவத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு எடுத்தான். ஒருத்தருக்கு அரை நிமிசம். அட்டை வந்தப்போ பார்த்தா, சுவர் சுத்தமா விழுந்திருந்தது. தோள் மேலே போட்ட துண்டு மடிப்பு மடிப்பா விழுந்திருந்தது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புத் திட்டு. நெத்தி எது, மூக்கு எது, ஒண்ணும் தெரியாது. கண்ணு ரெண்டும் புள்ளியா மின்னும். காலனியில் பாதிப்பேர் அட்டை அப்படித்தான். "எல்லார் அட்டையும் ஒண்ணுதான், யாருது வேணா எடுத்துக்கினு போலாம்" என்று நைனா சிரிப்பார். நாங்களும் சிரிச்சோம்.

அவர் செத்தப்புறம் அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேணும். அந்த அட்டையைத்தான் எடுத்துக்கினு போனோம். ஸ்டுடியோக்காரர் பெரிசு பண்ணி, டச்சப் செஞ்சு, கண்ணாடி போட்டுக் கொடுத்தார். திட்டு இருந்த இடத்திலே அவரே ஒரு மூஞ்சியை வரைஞ்சிருந்தார். நல்ல சிவப்பு. கன்னத்தில் ரோஸ். ஒதட்டில் சாயம். மீசை மட்டும் கருப்பு.

அம்மா மாலையைக் கையில் வெச்சுக்கிட்டு நின்னுச்சு.

"இது ஆரு?"

"நைனாதாம்மா."

"எந்த ஊரு நைனா? இந்தாளுக்கு நான் தாலியறுக்கல."

மாலையைப் போடவே இல்லை. வெறுஞ்சுவத்துக்கு முன்னால் விளக்கு ஏத்தி, அங்கேயே மாலையை வெச்சுது. அந்தப் படம் இன்னைக்கும் டிரங்குப் பெட்டி அடியில் கிடக்கு. 26 வருசமா எங்க வீட்டில் நைனா படம் கிடையாது.

இப்போ என் கையில் இருந்த போனுக்கு வர்றேன். விலை கம்மியான போன். 2025 பொங்கலுக்கு வாசலில் அம்மாவை உக்கார வெச்சு எடுத்தேன். எடுத்ததும் போனே மூஞ்சியை வழிச்சு வெள்ளையாக்கிக் காட்டுச்சு. சுருக்கம் ஒண்ணு இல்லை. அம்மாவுக்கு நெத்தியில் ஒரு பச்சை, மோவாயில் மூணு புள்ளிப் பச்சை. வயசுக்கு வந்த வருசம் குத்துனது. படத்தில் அந்த மூணு புள்ளியையும் காணோம். அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிருக்கு போன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கினு பார்த்துச்சு. "எம் பச்சை எங்கடி?" அவ்வளவுதான் கேட்டுச்சு. எனக்கு ஸ்டுடியோக்காரர் நினைப்பு வந்துடுச்சு.

ஒரு காலத்தில் கேமரா நம்மளைக் கரியாக்குச்சு. இப்போ சுண்ணாம்பு அடிக்குது. ரெண்டும் ஒரே வேலைதான். நம்ம மூஞ்சி நம்ம மூஞ்சியா விழலை.

இது ஏன் இப்படி என்று எம் மகதான் தேடித் தேடிச் சொன்னா. சென்னையில் காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கிறா. கேமராவுக்கு இது மனுசன், இது சுவர்னு தெரியாது. தனக்கு முன்னால் இருக்கிற எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு, ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சத்தை வெச்சுக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தா, 'ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு எல்லாத்தையும் இறக்கிடும். சுவர் பொழைச்சுக்கும். கருத்த மூஞ்சி உள்ளே அமுங்கிடும். நைனாவுக்கு நடந்தது இதுதான். அந்தக் கேமராக்காரன் சுவத்தை விட்டுட்டு மூஞ்சிக்கு அளவு வெச்சிருந்தா நைனா விழுந்திருப்பார். அரை நிமிசத்துக்குப் பதிலா ஒரு நிமிசம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிசம் எங்களுக்குக் கிடைக்கலை.

நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை இது. கோடாக் கம்பெனி 1950-களில் இருந்து கலர்ப்படம் கழுவுற லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிக்கினு இருந்தது. ஷெர்லி கார்டுன்னு பேரு. அதில் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருப்பா. அவ தோல் சரியா வந்தா மிஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். மத்தவங்க தோல் எப்படி வந்தா யாருக்கு என்ன? கனடாவில் லோர்னா ராத் என்கிற ஆய்வாளர் 2009-ல் இதைப் பத்தி விரிவா எழுதினார். அதில் ஒரு விசயம் என்னை உறுத்திக்கினே இருக்கு. பிலிமில் கருப்பு, பழுப்பு நிறமெல்லாம் பிரிஞ்சு தெரியணும்னு கம்பெனி மெனக்கெட்டதுக்கு ஒரு முக்கியமான காரணம், மர சாமான் விக்கிறவனும் சாக்லேட் விக்கிறவனும் போட்ட புகார். வெளிர் மரத்துக்கும் கருத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியலை, பால் சாக்லேட்டும் கருப்பு சாக்லேட்டும் ஒண்ணா விழுதுன்னு அவங்க சொன்னது கம்பெனி காதில் ஏறுச்சு. பெஞ்சுக்கு இருந்த மரியாதை மனுசனுக்கு இல்லை.

இன்னொண்ணும் சொன்னா. தென்னாப்பிரிக்காவில் கருப்பு சனம் பாஸ்புக் இல்லாமல் தெருவில் நடக்க முடியாத காலம். அதுக்குப் படம் எடுக்க போலராய்டு கம்பெனி சாமான் போய்க்கினு இருந்தது. 1970-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்ட்டர், கென் வில்லியம்ஸ் என்கிற ரெண்டு கருப்பின ஊழியர்கள் அதை எதிர்த்துக் கிளம்பினாங்க. ஹன்ட்டருக்கு வேலை போச்சு. விடலை. 1977-ல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே வந்தது. படம் பிடிக்கிறதும் ஒரு அதிகாரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நைனா அட்டையை நான் வேற கண்ணோட பார்த்தது அன்னைக்குத்தான்.

ஒண்ணு சொல்லிடறேன். கருப்பு நம்ம சனத்துக்கு மட்டும் எழுதி வெச்சது இல்லை. ஊர்த்தெருவிலும் கருப்பு உண்டு, காலனியிலும் சிவப்பு உண்டு. ஆனா அவங்க வீட்டுக் கருப்புக்கு வீட்டிலேயே பத்து ஆல்பம் இருக்கு. ஒண்ணில் விழலைன்னா ஒண்ணில் விழுந்திருக்கும். நைனாவுக்கு ஒண்ணே ஒண்ணு. அது தப்பிப்போனா ஆளே தப்பிப்போச்சு.

சரி, போனுக்கு வருவோம். 25,000-க்குள்ளே நல்ல கேமரா வேணும்னா புதுசு வேணாம், ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தின பெரிய போனா வாங்குன்னு மக சொன்னா. புதுப் போனில் அந்தக் காசுக்குக் கேமரா சுமார்தான். பழைய பெரிய போனில் லென்சும் அதுக்குப் பின்னால் இருக்கிற சிப்பும் தரமா இருக்கும். கடைசியில் ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு ஐபோன் 13. 2021 செப்டம்பரில் வந்தது, அப்போ நம்ம நாட்டு விலை 79,900-ல் ஆரம்பம். இன்னொண்ணு கூகுளின் பிக்சல் 7. 2022 அக்டோபரில் வந்தது, அப்போ 59,999.

ஒரு நோட்டில் கோடு போட்டு ரெண்டுக்கும் எழுதினோம். பிக்சலில் மெயின் கேமரா 50 மெகாபிக்சல், ஐபோனில் 12. நம்பரைப் பார்த்து ஏமாறாதேம்மான்னா. பிக்சலும் நாலு புள்ளியை ஒண்ணாச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாத்தான் கொடுக்குமாம். திரை பிக்சலுக்கு 6.3 அங்குலம், ஐபோனுக்கு 6.1. நாங்க பார்த்தது ரெண்டும் 128 ஜிபி. ரெண்டிலும் மெமரி கார்டு போட இடம் இல்லை. சிப்பு ஐபோனில் வேகம் அதிகம். வீடியோன்னா ஐபோன்தான்னு யாரைக் கேட்டாலும் சொன்னாங்க. சார்ஜர் முனை பிக்சலுக்கு டைப்-சி, எங்க வீட்டில் எல்லார்கிட்டேயும் இருக்கிறது அதுதான். ஐபோன் 13-க்கு லைட்னிங், தனியா வாங்கணும். பிக்சல் 7-க்கு 2027 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு கூகுள் தேதி போட்டுச் சொல்லியிருக்கு. ஐபோனுக்கு அப்படித் தேதி போட்டுப் பார்க்கலை, ஆனா ரொம்ப வருசம் வரும். 2019-ல் வந்த ஐபோன் 11-க்கே 2025-ல் ஐஓஎஸ் 26 வந்தது. தமிழில் தட்டுறதுக்கு ரெண்டும் வசதிதான். ஐபோனில் 2013-லேயே தமிழ் 99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் வந்துடுச்சு.

கடைசிக் கோட்டுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. தோல் நிறம். கூகுள்காரங்க 2021-ல் பிக்சல் 6-ல் இருந்து ரியல் டோன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. கருத்த தோலை வெளுப்பாக்காமல், சாம்பல் பூக்காமல், இருக்கிறபடி எடுக்கணும்னு கேமராவைப் பழக்கினாங்களாம். படம் எடுக்கிறதில் தேர்ந்த கருப்பின, பழுப்பின ஆட்களைக் கூட வெச்சுக்கினு செஞ்சாங்க. 2022-ல் எல்லிஸ் மாங்க் என்கிற ஹார்வர்டு சமூகவியல் பேராசிரியர் பத்து நிறம் கொண்ட ஒரு தோல் வரிசையை உண்டாக்கித் தந்தார், அதையும் கூகுள் எடுத்துக்கிச்சு. அதுக்கு முன்னே எல்லாரும் வெச்சிருந்தது தோல் டாக்டர்களோட ஆறு நிற வரிசை. ஐபோன் 13-லும் போட்டோகிராபிக் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு. படத்தோட வெளிர்வு, சூடு எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு முன்கூட்டியே வெச்சுக்கலாம், அது தோல் நிறத்தைக் கெடுக்காதுன்னு ஆப்பிள் சொல்லுது. கம்பெனிக்காரனுக்கு நம்ம மேல பாசம் பொங்கி இதெல்லாம் செய்யலை. வாங்குறவங்களில் கருப்பு மனுசங்களும் இருக்காங்க, அவங்க கேள்வி கேட்டாங்க. கேட்டதுக்குப் பிறகு நடந்தது.

"எழுதினது போதும், ஆயாவையே கூட்டிக்கினு போய் எடுத்துப் பாக்கலாம்"னா மக. அதுதான் நல்ல யோசனை. ஒரு சனிக்கிழமை அரக்கோணத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கேருந்து ஆட்டோவில் ரிச்சி தெரு போனோம். செருப்பு வாங்கக் காலைக் கூட்டிக்கினு போறோம், போன் வாங்க மூஞ்சியைக் கூட்டிக்கினு போனா என்ன தப்பு?

முதல் கடையில் எங்க மூணு பேரையும் மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, கேக்காமலே பட்டன் போனை எடுத்து வெச்சாரு. "பெரியம்மாவுக்குத்தானே?" பேரைச் சொல்லிக் கேட்டோம். "பட்ஜெட் ஆகாதும்மா"ன்னாரு. விலையைச் சொல்லவே இல்லை. வந்துட்டோம். மூணாவது கடையில் ஒரு தம்பி. "உக்காருங்கக்கா, பாட்டிக்குத் தண்ணி வேணுமா?"ன்னு கேட்டான். ரெண்டு போனும் அவங்கிட்ட இருந்தது. ஐபோன் 28,000, பிக்சல் 21,500 சொன்னான். அம்மாவைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம்னு சொன்னேன். சிரிச்சுட்டு, "எடுங்கக்கா, பிலிமா தீரப்போவுது"ன்னான்.

நாலு இடத்தில் எடுத்தோம். கடைக்குள்ளே டியூப்லைட்டில். வாசப்படியில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வர்ற மாதிரி. எதிரே வெள்ளையடிச்ச சுவத்துக்கு முன்னால், அதை நான் நைனாவுக்காக எடுத்தேன். நாலாவது, அந்தத் தம்பியை அம்மா பக்கத்தில் நிக்க வெச்சு. தம்பி நல்ல சிவப்பு. ரெண்டு நிறத்தை ஒண்ணா வெச்சா கேமரா யார் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுடும்னு மக சொன்னா.

வெள்ளைச் சுவத்துப் படத்தைப் பார்த்துட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. ரெண்டு போனிலும் அம்மா மூஞ்சி இருந்தது. திட்டு இல்லை. 26 வருசத்துக்கு முன்னே இது இருந்திருந்தா. ரெண்டு போனும் ஒரு தட்டுக்குள்ளே பல படம் எடுத்து, சுவர் ஒண்ணில் நல்லா விழுந்தது, மூஞ்சி ஒண்ணில் நல்லா விழுந்தது எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிடுமாம்.

மத்ததில் சின்னச் சின்ன வித்தியாசம். ஐபோன் படத்தில் அம்மா சாயங்கால வெயிலில் உக்காந்த மாதிரி ஒரு சூடு. பார்க்க அழகாத்தான் இருந்தது. ஸ்டைலில் போய்ச் சூட்டைக் குறைச்சப்போ இன்னும் கிட்டே வந்தது. பிக்சலில் ஒண்ணும் தொடாமலே அம்மா நிறம் அம்மா நிறமா இருந்தது. பக்கத்தில் தம்பி அவன் நிறத்தில் இருந்தான். மோவாயில் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மூணு புள்ளி. மங்கின பச்சை, ஓரம் கலைஞ்சு, நேரில் எப்படியோ அப்படியே. ஒரு புள்ளியில் ஒரு நரைமுடி முளைச்சிருக்கு. இத்தனை வருசம் கூட இருந்தும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் வீடியோ. "பாடும்மா"ன்னேன். ரிச்சி தெருவில் உக்காந்து நடவுப் பாட்டு. வண்டிச் சத்தம், ஹாரன். பாட்டும் ஆட்டமுமா எடுக்கையில் ஐபோன் முந்திக்கிச்சு. மறைக்காமல் சொல்றேன். கை ஆட்டி ஆட்டிப் பாடறப்போ படம் துளிகூட உதறலை. நிழலில் இருந்து வெயிலுக்குத் திரும்பினப்போ வெளிச்சம் மெதுவா மாறுச்சு. குரலும் முன்னால் வந்து நின்னுச்சு. பிக்சலிலும் நல்லாத்தான் இருந்தது, ஆனா ஒரு படி கீழே.

இப்போ என்ன செய்யறது? மூஞ்சிக்கு ஒண்ணு, குரலுக்கு ஒண்ணு. மக ஐபோன் பக்கம் சாஞ்சா. "ஆறாயிரத்து ஐநூறுதாம்மா வித்தியாசம், நான் டியூசன் எடுத்துத் தர்றேன். திரும்ப வித்தாலும் விலை போவும்." தம்பியும் அதையே சொன்னான். உடைஞ்சா ஐபோனுக்கு எந்தத் தெருவிலும் டிஸ்ப்ளே கிடைக்கும், பிக்சலுக்குத் தேடணும் என்றான். எல்லாம் நியாயம்தான்.

நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா ரெண்டு போனையும் ரெண்டு கையில் வெச்சுக்கினு பார்த்துச்சு. "பாட்டு ரெண்டுலயும் கேக்குது. எம் பச்சை இதுல நல்லாத் தெரியுது"ன்னு பிக்சலை நீட்டுச்சு.

அப்போதான் எனக்குக் கணக்கு பிடிபட்டுது. எது குறைஞ்சா அப்புறம் வாங்கிச் சேர்க்கலாம், எது குறைஞ்சா வாங்கிச் சேர்க்க முடியாது? குரலுக்கு, சட்டையில் மாட்டுற டைப்-சி மைக் தனியா கிடைக்குது. உதறலுக்கு மூணு கால் ஸ்டாண்டு இருக்கு. தோல் நிறத்துக்குத் தனியா ஒரு சாமான் கடையில் கிடையாது. ஐபோனில் சூட்டைக் குறைச்சா சரியா வருதுதான். ஒரு தடவை வெச்சா அப்படியே நிக்கும், ஆனா வெளிச்சம் மாறினா எவ்வளவு சூடு வேணும்னு நானே ஞாபகமா பார்த்து மாத்தணும். கல்யாணம், சாவு, ஊர்வலம்னு எங்க சனத்தைப் படம் எடுக்கிற அவசரத்தில் அதெல்லாம் ஞாபகம் வராது. வேற ஆள் வேற கணக்குப் போட்டா ஐபோன் சரியா இருக்கும். வீடியோவே முக்கியம்னு இருக்கிற பிள்ளைங்களுக்கு நானே அதை வாங்கச் சொல்வேன். எனக்கு இது. பேரம் பேசி 20,500-க்கு முடிச்சேன்.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னே பார்க்க வேண்டியதைச் சொல்லிடறேன், வாங்கப்போற நம்ம பிள்ளைங்களுக்கு உதவும். *#06# போட்டா ஐஎம்இஐ நம்பர் வரும். பெட்டியில் இருக்கிற நம்பரும் அதுவும் ஒத்துப்போகணும். அந்த 15 இலக்கத்தை KYM என்று போட்டு இடம் விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா, அது திருட்டுன்னு முடக்கின நம்பரா இல்லையான்னு தெரியும். பழைய ஆளோட கூகுள் கணக்கு, ஐபோனா இருந்தா ஐகிளவுட் கணக்கு, எல்லாம் எடுத்திருக்கணும். உங்க முன்னாலேயே மொத்தமா அழிச்சுத் திரும்ப ஆன் பண்ணச் சொல்லுங்க. ஐபோன்னா செட்டிங்சில் பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம், பேட்டரியோ திரையோ மாத்தினதான்னு அதுவே காட்டும். பிக்சல் 7-ல் அந்தச் சதவீதம் காட்டாது. அதனால் அரை மணி நேரம் கடையிலேயே வீடியோ ஓடவிட்டு எவ்வளவு இறங்குது, எவ்வளவு சூடாகுது, பின்பக்கம் உப்பியிருக்கான்னு பார்த்தோம்.

பில்லு கேட்டு வாங்குங்க. கடை பேரு, ஐஎம்இஐ நம்பர், உங்க பேரு மூணும் அதில் இருக்கணும். மத்தவங்களுக்குப் பில்லு வாரண்டிக்கு. நமக்கு வேற ஒண்ணுக்கும் வேணும். என் அண்ணன் பையனை ஒரு ராத்திரி ரோட்டில் நிறுத்தி, கையில் இருந்த போனைப் பிடுங்கி, "எந்த ஏரியா? இது ஏது உனக்கு?"ன்னு கேட்டாங்க. கேட்டது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சு வாங்கின போன். பில்லு வீட்டில் இருந்தது. நாங்க கொண்டுபோய்க் காட்டுறதுக்குள்ளே விடிஞ்சுடுச்சு. அதிலிருந்து எங்க வீட்டில் பில்லையும் படம் எடுத்து எல்லார் போனிலும் போட்டு வெச்சிருக்கோம். பாஸ்புக் கதையை மக சொன்னப்போ எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் அம்மாவை வேப்பமரத்து நிழலில் உக்கார வெச்சேன். உச்சி வெயில் வேணாம், மர நிழலில் ஆகாசத்து வெளிச்சம் சமமா விழும். பின்னால் வெள்ளைச் சுவர் இல்லாமல் மண் சுவர் பக்கம் திருப்பி உக்கார வெச்சேன். மூஞ்சி மேலே விரல் வெச்சு, பக்கத்தில் வர்ற கோட்டை மேலேயும் கீழேயும் தள்ளி, நேரில் இருக்கிற மாதிரி ஆனதும் எடுத்தேன். இதெல்லாம் எந்தப் போனிலும் செய்யலாம். அழகாக்குற வேலையை மட்டும் முதலில் நிறுத்திடுங்க.

படத்தைப் பெரிசா பிரிண்டு போட்டு வந்தேன். டச்சப் வேணாம்னு கடைக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேன். "லைட்டா பிரைட் பண்ணட்டுமா மேடம்?"னு நாலாவது தடவை கேட்டார். வேணாம்.

நைனா அட்டையை வெச்சுக் கம்ப்யூட்டரில் மூஞ்சி உண்டாக்கலாம்னு மக சொன்னா. இப்போ அப்படியெல்லாம் வருதாம். நான் வேணாம்னுட்டேன். திட்டுக்குள்ளே இல்லாத மூஞ்சியை அதுவும் எங்கேருந்தோதானே எடுத்துப் போடும். ஸ்டுடியோக்காரர் செஞ்சதும் அதுதான்.

அதுக்குப் பதிலா மைக்கை அம்மா ரவிக்கையில் மாட்டினேன். "நைனா எப்படி இருப்பார், சொல்லும்மா"ன்னு கேட்டேன். பாட்டைத்தான் கேப்பேன்னு நினைச்சிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் ஆரம்பிச்சுது.

"நாவப்பழம் இல்ல, அந்த நெறம். நல்லாப் பழுத்தது. வெயில்ல சூளையாண்ட நின்னா மேல் எல்லாம் மினுமினுன்னு இருக்கும். எடது புருவத்துல ஒரு வெட்டு, கல்லு தெறிச்சது. சிரிச்சா அந்தப் பக்கம் மேல ஏறும். மூக்கு உன் மூக்குதான். காது மட்டும் பெரிசு, எங்கம்மா கிண்டல் பண்ணும்..."

பதினோரு நிமிசம் இருக்கு. புருவத்து வெட்டு எனக்கு மறந்தே போயிருந்தது. நாங்க நாலு பிள்ளைங்க. எல்லாருக்கும் அனுப்பி வெச்சேன். எங்க வீட்டில் இருக்கிற நைனா படம் இப்போ இதுதான்.